சுவான்சோ பழைய நகரத்தை நடந்தே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சீனாவுக்குப் போவதாகச் சொன்னால் எல்லோரும் பெய்ஜிங், ஷாங்காய், பெருஞ்சுவர் என்று பட்டியல் போடுவார்கள். என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது சுவான்சோதான். தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊர். இங்கே தமிழில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது, நம் கோயில் ஒன்றின் தூண்கள் ஒரு புத்த கோயிலைத் தாங்கிக்கொண்டு இன்னும் நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு நடப்பதற்கும் தெரியாமல் நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அரபு வணிகர்கள் இந்த ஊரை ஜைத்தூன் என்றார்கள். 'சித்தோங்' என்ற மரத்தின் பெயர் அப்படித் திரிந்தது. அது என்ன மரம் என்று தேடிப் பார்த்தால், நம் ஊர்க் கல்யாண முருங்கை! சளி பிடித்தால் இலையை அரைத்து அடை தட்டிக் கொடுப்பார்களே, அதேதான். இன்றைக்கும் சிவப்பாகப் பூக்கும் அந்த மரத்தின் பூதான் நகரத்தின் அடையாளப் பூ. மார்க்கோ போலோ இந்தத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது, அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வரும் என்கிறார். 2021-ல் யுனெஸ்கோ இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஐந்து நம் முதல் நாள் நடையிலேயே வந்துவிடும்.

கிளம்பும் முன்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் குவாங்சோ பக்கத்து மாகாணத்தில் உள்ள பெரிய நகரம். ரயில் டிக்கெட்டோ விடுதியோ பதிவு செய்யும்போது மாகாணத்தின் பெயர் ஃபூஜியன் என்று இருக்கிறதா என ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

ஊருக்கு விமான நிலையம் உண்டு, பெயர் ஜின்ஜியாங். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வசதியான வழி, ஷியாமென் வரை விமானத்தில் வந்து அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறுவது. அரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ரயில் நிலையம் பழைய நகரத்துக்கு வடக்கே தள்ளி இருக்கிறது, அங்கிருந்து டாக்சியோ பேருந்தோ பிடிக்க வேண்டும்.

சில்லறைக் கடைகள் முதல் கோயில் வாசல் ஊதுபத்திக் கடை வரை எல்லாம் க்யூஆர் கோடுதான். அலிபே செயலியில் உங்கள் வெளிநாட்டு கார்டை ஊரிலிருந்தே இணைத்துவிட்டுப் போங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கூகுள் மேப் அங்கே கைகொடுக்காது, அதனால் உள்ளூர் மேப் செயலி ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் பையில் இருக்கட்டும். சிறிய விடுதிகள் சில வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை, பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் கைபேசியில் சேமித்து வையுங்கள், நாம் வாயால் சொல்லும் உச்சரிப்பு பல நேரம் யாருக்கும் புரியாது.

எப்போது போகலாம்? அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வேர்த்துக் கொட்டும், புயலும் வரும். மே முதல் தேதி, அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு, இந்த மூன்று விடுமுறைகளையும் கண்டிப்பாகத் தவிருங்கள். மேற்குத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

நடக்க வேண்டிய தூரம் மொத்தமே நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நின்று நின்று பார்ப்பதால் ஒரு முழு நாள் ஓடிவிடும். கால் வலித்தால் பழைய நகரத்துக்குள்ளேயே ஓடும் குட்டி வெள்ளை பேட்டரி பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

காலை: மேற்குத் தெரு

ஏழு மணிக்கு முன்பே மேற்குத் தெருவுக்கு வந்துவிடுங்கள். சீனத்தில் ஷீ ஜியே. பத்து மணிக்கு மேல் இது சுற்றுலாக் கூட்டத்தின் தெரு, அதற்கு முன்னால் ஊர்க்காரர்களின் தெரு.

காலைச் சாப்பாடு மியென்ஷியன் ஹூ. நூல் போல மெல்லிய சேமியாவைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி. கண்ணாடிப் பெட்டியில் சிப்பி, கறி, குடல், முட்டை என்று வரிசையாக இருக்கும், வேண்டியதைக் கைகாட்டினால் கத்தரியால் நறுக்கிக் கஞ்சியில் போடுவார்கள். கூடவே யோத்தியாவ் என்ற நீளமான பொரித்த மாவு, அதைப் பிய்த்து முக்கிச் சாப்பிட வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் இந்தக் கஞ்சிப் பக்கம் போக வேண்டாம், எதுவுமே போடாமல் கேட்டாலும் சாறு அசைவம்தான். 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலையை வெண்ணெயாக வேகவைத்த இனிப்புச் சூப்பும் யோத்தியாவும் வாங்கிக்கொள்ளுங்கள், வயிறு நிறையும்.

சாப்பிட்டுவிட்டு உடனே கோயிலுக்குள் நுழைந்துவிடாமல், தெருவை விட்டுப் பிரியும் சந்துகளில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். சுவர்களைக் கவனியுங்கள். சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கருங்கல் துண்டுகளும் தாறுமாறாகக் கலந்து கட்டிய சுவர்கள் அங்கங்கே இருக்கும். கல் கொஞ்சம் உள்வாங்கி, செங்கல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு. 1604-ல் இங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது, இடிந்து கிடந்ததை அள்ளியே மறுபடி வீடு கட்டினார்கள், அப்படி வந்ததுதான் இந்தப் பாணி என்று ஊரில் சொல்கிறார்கள். இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் கல்லை வீணாக்குவதில்லை, உடைந்தது எதுவானாலும் இன்னொன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நாள் முழுக்க நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

சந்துகளில் ஒரு எச்சரிக்கை: மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். ஓரமாக நடங்கள்.

கையுவான் கோயில்: குறைந்தது இரண்டு மணி நேரம்

686-ல் தொடங்கப்பட்ட கோயில். தல புராணம் அழகானது. இந்த இடம் ஒரு பணக்காரரின் முசுக்கட்டை (மல்பெரி) மரத் தோப்பாக இருந்ததாம். ஒரு துறவி இடம் கேட்க, முசுக்கட்டை மரத்தில் வெள்ளைத் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம், பூத்ததாம். அந்த மரம் என்று இன்றும் ஒரு முதிய மரத்தை மேற்குப் பக்கம் காட்டுவார்கள், இடி விழுந்து பிளந்தும் தழைத்துக்கொண்டிருக்கிறது.

முற்றத்துக்கு இரு பக்கமும் எட்டுப் பட்டை வடிவில் ஐந்து அடுக்குக் கல் கோபுரங்கள். மேற்குக் கோபுரம் 1237-லும் கிழக்குக் கோபுரம் 1250-லும் கட்டி முடிக்கப்பட்டன. கிழக்கில் இருப்பது சுமார் 48 மீட்டர், மேற்கில் இருப்பது சுமார் 44 மீட்டர். முழுக்கக் கருங்கல், ஆனால் மரத்தில் செய்வது போலவே விட்டமும் தாங்குகட்டையும் செதுக்கியிருக்கிறார்கள். 1604 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றவை. மேற்குக் கோபுரத்தின் நாலாவது அடுக்கில், கையில் வாளோடு குரங்கு முகம் கொண்ட ஒரு உருவம் உண்டு, தொலைநோக்கியோ கைபேசி ஜூமோ இருந்தால் தேடுங்கள். சுன் வூகோங் என்ற சீனக் குரங்கு வீரனின் பழைய வடிவம் என்கிறார்கள், நம் அனுமனோடு தொடர்புபடுத்திப் பேசும் ஆய்வாளர்களும் உண்டு.

இப்போது பெரிய மண்டபம். நூறு தூண் மண்டபம் என்று பெயர், எண்ணினால் நூறு வராது. நேராக உள்ளே போய்விடாதீர்கள். முன்னால் உள்ள மேடையின் பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், கறுப்பு கலந்த பச்சைக் கல்லில் வரிசையாகப் பலகைகள் பதித்திருக்கும். சிங்க உடலும் மனித முகமுமான உருவங்கள், மொத்தம் 73 பலகைகள். பெரும்பாலான பயணிகள் அதன் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவை இந்தக் கோயிலுக்காகச் செய்தவை அல்ல, இடிந்த ஒரு இந்துக் கோயிலின் அடித்தளத்திலிருந்து வந்தவை.

அடுத்து மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். நடுவில் இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றைப் போல இருக்காது. அதே பச்சை கலந்த கருங்கல், பதினாறு பட்டை. நிழலான இடம், கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் வட்டங்களுக்குள் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். மடியில் இரணியனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். முதலை கவ்விய யானை, காப்பாற்ற வரும் திருமால். உரலை இழுத்துக்கொண்டு இரட்டை மருத மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணன். கீழே பெயர்ப்பலகை இருந்தாலும் எனக்கு அது தேவைப்படவில்லை. பாட்டி சொன்ன கதைகளை, ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி, ஒரு புத்த கோயிலின் பின்புறத்தில் அடையாளம் கண்டுகொள்ளும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் தூணைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தது, மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நரசிம்மர் கதையைச் சொன்னேன், அவர்களுடைய பையன் இரண்டு முறை கேட்டான்.

இவை எப்படி இங்கே வந்தன? 1281 சித்திரையில், அதாவது சக ஆண்டு 1203-ல், இந்த ஊரில் ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். செகசை கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் 'திருமேனிக்கு நன்றாக', அவருடைய ஃபர்மானின்படி, அதாவது அரசாணையின்படி, செய்ததாகக் கல் சொல்கிறது, கடைசியில் சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு. தமிழ் வணிகர்கள் இங்கே தங்கி வாழ்ந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. (கல்வெட்டு இந்தக் கோயிலில் இல்லை, இங்கே தேடி அலைய வேண்டாம்.) 1357-லிருந்து 1366 வரை ஊரில் பெரிய கலகம் நடந்தது, மங்கோலியரின் யுவான் ஆட்சியும் முடிந்தது, வெளிநாட்டு வணிகர்களின் காலமும் அதோடு போனது. அடுத்து வந்த மிங் அரசர்கள் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது, கிடந்த நல்ல கற்களை எடுத்து வைத்துக் கட்டிவிட்டார்கள். இதைப் பார்த்துச் சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய நரசிம்மர் இங்கே தினமும் ஊதுபத்தி வாசத்தோடு நிற்கிறார்.

கோயில் வளாகத்திலேயே கிழக்குப் பக்கம் பழைய கப்பல் காட்சிக்கூடம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். 1974-ல் ஹோசூ துறையில் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலத்துக் கப்பல். எஞ்சிய உடல் மட்டும் 24 மீட்டர் நீளம், உள்ளே 13 தனித்தனி அறைகள், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும்படி குறுக்குச் சுவர் வைத்து அடைத்தவை. உள்ளே கிடைத்தவற்றில் இரண்டு டன்னுக்கு மேல் வாசனைக் கட்டைகள், சோழிகள், மிளகு. மார்க்கோ போலோ சொன்ன மிளகு!

சந்திர மாதத்தின் 26-ம் நாள் ஊர் முழுக்க இந்தக் கோயிலுக்கு வரும். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்று வாருங்கள், தூண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள்.

முற்பகல்: மணிக்கூண்டும் சோங்ஷான் சாலையும்

கோயிலிலிருந்து மேற்குத் தெருவிலேயே கிழக்கு நோக்கி நடந்தால் 1934-ல் கட்டிய வெள்ளை மணிக்கூண்டு வரும். அங்கே வலது பக்கம், அதாவது தெற்கே திரும்பினால் சோங்ஷான் சாலை. 1920-களில் போட்டது. இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த மூடிய நடைபாதை, மேலே வீடு. சிங்கப்பூர், பினாங்கு தமிழர்களுக்கு இதைப் பார்த்ததும் 'அட, நம்ம அஞ்சடி' என்று தோன்றும். காரணம் இருக்கிறது: அங்கே உள்ள ஹொக்கியன் சீனர்களில் நிறையப் பேரின் மூதாதையர் இந்த வட்டாரத்திலிருந்து போனவர்கள். போன மக்களின் பணமும் வீடு கட்டும் பாணியும் திரும்பி இங்கே வந்தன. மெல்லிய ரொட்டியில் காய்கறியைச் சுருட்டித் தரும் பொப்பியாவும் இந்த ஊர்ப் பண்டம்தான், இங்கே அதன் பெயர் ருன்பிங். வெயில் ஏறியிருந்தால் ஷிஹுவா காவ் வாங்கிக் குடியுங்கள், கடல்பாசியில் செய்த ஜெல்லியைச் சீவிப் பழமும் பாகும் சேர்த்துத் தருவார்கள்.

நண்பகல்: கன்ஃபூசியஸ் கோயில், பிறகு தூமென் தெரு

சோங்ஷான் சாலையின் ஓரத்திலேயே கன்ஃபூசியஸ் கோயில். பெரிய முற்றம், நிழல், உட்கார இடம். நேர்மையாகச் சொன்னால் பகலில் இங்கே அதிகம் பார்க்க இல்லை, இளைப்பாறிவிட்டுப் போகலாம், இரவில் மறுபடி வருவோம்.

அங்கிருந்து தூமென் தெரு. இந்தத் தெருவுக்காகவே இந்த ஊருக்கு வரலாம். சாமியாகக் கும்பிடப்படும் பழங்காலப் போர்வீரர் குவான் யூவின் கோயிலும் சிங்ஜிங் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில்.

பள்ளிவாசல் ஹிஜ்ரி 400-ல், அதாவது 1009-ல் கட்டியது, 1310 வாக்கில் ஷீராஸ் நகரத்தைச் சேர்ந்த அகமது என்பவர் புதுப்பித்ததாக வாசல் கல்வெட்டே சொல்கிறது. வாசல் உயரமானது, ஒன்றுக்குள் ஒன்றாகக் கூர்வளைவுகள், அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு போல. தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை. கருங்கல் சுவர்கள் மட்டும், உள்ளே அரபு எழுத்து செதுக்கிய மாடங்கள், தரையில் தூண்கள் நின்ற அடிக்கற்கள். 1407-ல் யோங்லே பேரரசர் முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று போட்ட ஆணையின் கல்லும் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது.

குவான் யூ கோயில் நேர்மாறு, எப்போதும் புகையும் நெருக்கமும். வாசலில் கொஞ்ச நேரம் நின்று மக்களைக் கவனியுங்கள். பிறைவடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. மனதில் கேள்வியை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட்டு, தரையில் போடுவார்கள். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சாமி சரி என்கிறார். நம்மூரில் பூக்கட்டிக் கேட்பது போலவே. நான் பார்த்த ஒரு பெண்மணி ஆறு முறை போட்டார், ஏழாவதில் சரியாக விழுந்ததும் துண்டுகளைச் சட்டைத் துணியால் துடைத்து, பக்குவமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். படம் எடுப்பதானால் தள்ளி நின்று எடுங்கள், சாமி கும்பிடுபவர் முகத்துக்கு நேராக வேண்டாம்.

பிற்பகல்: தெற்கு வாசல்

மறுபடி சோங்ஷான் சாலைக்கு வந்து தெற்கே போய்க்கொண்டே இருங்கள். சாலை முடியும் இடத்தில் தியன்ஹோ கோயில், 1196-ல் தொடங்கியது. மாசூ என்ற கடல் அன்னையின் கோயில். கப்பலில் போகிறவர்கள் கும்பிட்டுப் போனது இவளைத்தான், தைவானிலும் தென்கிழக்காசியாவிலும் அவளுக்குக் கோயில் இல்லாத துறைமுகம் அரிது. முன் மண்டபத்தோடு திரும்பிவிடாமல் பின் மண்டபம் வரை போங்கள். அங்கே முன்வரிசையில் மறுபடி இரண்டு பதினாறு பட்டைத் தூண்கள், அதே பச்சைக் கல். காலையில் கையுவானில் பார்த்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

கோயிலுக்கு எதிரே திறந்த பள்ளமாகக் கிடப்பது தேஜி வாசலின் அடித்தளம். 1230-ல் கட்டிய தெற்கு நகர வாசல். 2001-ல் தோண்டியபோது புத்தம், இஸ்லாம், கிறித்தவம், இந்து என்று பல மதத்துச் செதுக்குக் கற்கள் சுவர்க் கட்டுமானத்துக்குள்ளிருந்து வந்தன. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் கல் வரிசைகள் தெளிவாகத் தெரியும்.

இரவு: நான்யின்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்ஃபூசியஸ் கோயில் பக்கம் நான்யின் இசை நடக்கும், யுனெஸ்கோ 2009-ல் பட்டியலிட்ட பழைய இசை. பிப்பா என்ற நரம்பு வாத்தியத்தை இங்கே நிமிர்த்திப் பிடிக்காமல் கிடார் போலப் படுக்க வைத்து வாசிப்பார்கள், பாடுபவர் கையில் ஐந்து மரப்பட்டைகள் கோத்த தாளக்கட்டை. மிக மெதுவானது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். ஒரு சொல்லை எவ்வளவு நேரம் இழைக்கிறார்கள் என்று காது பிடித்துக்கொண்ட பிறகு எழ மனம் வராது.

கூடவே தேநீர் வரும். தியே குவான்யின் தேயிலை விளையும் ஆன்ஷி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஊர் மொழியில் தேநீருக்கு 'தே' என்றுதான் பெயர். கப்பல் வழியாக உலகம் சுற்றி நம் தேயிலையிலும் ஈழத்துத் தேத்தண்ணியிலும் வந்து உட்கார்ந்திருப்பது அந்தச் சொல்தான்.

இரண்டாம் நாள் கிடைத்தால்

காலையில் கடல்சார் அருங்காட்சியகம். பழைய நகரத்துக்கு வெளியே கிழக்கு ஏரி அருகில், டாக்சியில் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், பாஸ்போர்ட் வேண்டும். மதக் கற்கள் கூடத்தில் சிவன் கோயிலின் சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு திருமால் சிலை இருக்கிறது. அதைவிட, ஒரு சிறிய பலகையைத் தேடிப் பாருங்கள்: யானை ஒன்று துதிக்கையால் சிவலிங்கத்துக்குத் தாமரை சாத்துகிறது. திருவானைக்காவல் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பிறகு லுவோயாங் பாலம், ஊருக்கு வடகிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1053-லிருந்து 1059 வரை, ஊர்த் தலைமை அதிகாரி சாய் ஷியாங் காலத்தில், கடல் வாய்க்குக் குறுக்கே கருங்கல்லில் கட்டியது. சேற்றில் போட்ட அடித்தளக் கற்கள் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பியை வளர்த்தார்கள், சிப்பி ஒட்டி ஒட்டிக் கல்லையெல்லாம் ஒன்றாகப் பிணைத்துவிட்டது. போகும் முன் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால்தான் படகு மூக்கு போன்ற தூண் அடிகளும், அவற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகளும் தெரியும்.